லாங் ரைடுக்கு வேண்டியது சிசியா, லீவா?

ஞாயித்துக்கிழமை காலைல ஆறரை மணிக்கு ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி போற ஹைவே ஓரமா ஒரு அரை மணி நேரம் சும்மா நின்னு பாருங்க. அத்திப்பள்ளி பக்கமிருந்து பத்து பதினைஞ்சு பேரா கூட்டம் கூட்டமா வருவாங்க. எல்லாம் பெரிய பெரிய வண்டி. ஹெல்மெட் மேல கேமரா, முட்டிக்கு கவசம், பின்னாடி ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. சூளகிரி தாண்டி ஏதாவது ஒரு ஓட்டல்ல இட்லி வடை சாப்பிட்டுட்டு, ஒரு குரூப் போட்டோ எடுத்துட்டு, பத்து பதினோரு மணிக்கெல்லாம் திரும்ப பெங்களூர் போய்ச் சேர்ந்துடுவாங்க.

அந்தப் பெட்டிக்குள்ள அப்படி என்னதான் இருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். போன மாசம் ஒருத்தர் ஓட்டல் வாசல்ல திறந்தப்போ எட்டிப் பார்த்துட்டேன். ஒரு தண்ணி பாட்டில், ஒரு துண்டு. அவ்வளவுதான் :)

அதே ரோட்ல, அதே நேரத்துல, ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்ல முன்னாடி ரெண்டு மூட்டை கொத்தமல்லி, பின்னாடி ஒரு கூடை, நடுவுல ஒரு பெரியவர் சூளகிரி சந்தைக்குப் போயிட்டிருந்தார். அவர் வண்டில நூறு சிசி. சுமை நூறு கிலோவாவது இருக்கும். கேமரா இல்லை.

உடனே "ஆரம்பிச்சுட்டான்யா, பணக்காரன் ஏழைன்னு"ன்னு நினைச்சுடாதீங்க. எனக்கு பைக் உயிர். அந்தக் கூட்டம் கடந்து போகும்போது வர்ற சத்தத்துக்கு நெஞ்சுக்குள்ள ஒண்ணு துடிக்கறது எனக்கும்தான். எங்க கிளாஸ்ல பாதிப் பேரோட திட்டமே "டிகிரி முடிச்சு வேலை கிடைச்சதும் முதல் வேலையா இருக்கிற வண்டியை வித்துட்டு பெரிய வண்டி எடுக்கறது, அப்புறம் லடாக் போறது". ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் என் திட்டமும் அதேதான். இப்ப இல்லை. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

சொல்ல வர்றது ஒரே விஷயம். நம்மளை தூரமா போக விடாம தடுக்கறது வண்டியோட சிசி இல்லை, நமக்கு லீவு இல்லாததுதான். அந்தக் கொஞ்ச நஞ்ச லீவையும் முழுங்கறதுக்கு சிறந்த வழி, லாங் ரைடு போறதுக்குன்னு கடன் வாங்கி ஒரு பெரிய வண்டி எடுக்கறது.

இதை நான் புத்தகத்துல படிக்கலை. எங்க பெரியப்பா பையன்கிட்ட பார்த்தேன்.

அண்ணன் ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை. காண்ட்ராக்ட்தான், மாசம் இருபதாயிரத்து சொச்சம். முன்னாடி அவர்கிட்ட ஒரு 125 சிசி வண்டி இருந்தது. அந்த வண்டில அவர் போகாத இடம் இல்லை. ராமேஸ்வரம், கன்னியாகுமரி, குடகு, வால்பாறை. ரெண்டு நாள் லீவு கிடைச்சா போதும், ஒரு பழைய ஸ்கூல் பையில துணியைத் திணிச்சு, ரப்பர் கயிறு போட்டு கட்டிட்டு கிளம்பிடுவார். அவர் சொல்ற கதைகளைக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடிச்சது.

ரெண்டு வருஷம் முன்னாடி யாரோ "இந்த வண்டில எவ்வளவு நாள் ஓட்டுவே, ஒழுங்கா ஒரு டூரர் எடு"ன்னு ஏத்தி விட, 125-ஐ வித்துட்டு நானூறு சிசிக்கு மேல ஒண்ணு எடுத்தார். வண்டி என்னவோ சூப்பர் வண்டிதான், குறையே சொல்ல முடியாது. ஆனா மாசம் பிறந்தா இஎம்ஐ. சம்பளத்துல பாதி. அதைக் கட்ட ஓவர்டைம். ஓவர்டைம் கிடைக்கறது ஞாயித்துக்கிழமை. ரெண்டு வருஷத்துல அந்த வண்டி போன அதிகபட்ச தூரம் ஏற்காடு. அதுவும் ரெண்டே தடவை. மத்த நேரமெல்லாம் வீட்டு முன்னாடி கவர் போட்டு நிக்குது. கம்பெனிக்கு கம்பெனி பஸ்லதான் போறார், பெட்ரோல் செலவாகுதுன்னு.

"ஏண்ணா, ஞாயித்துக்கிழமையாவது எங்கேயாவது எடுத்துட்டுப் போகலாம்ல?"ன்னு கேட்டேன்.

"டேய், இந்த வண்டிக்காகத்தான்டா ஞாயித்துக்கிழமை வேலைக்கே போறேன்"னார்.

சொல்லிட்டு சிரிச்சார். எனக்கு சிரிப்பு வரலை.

சரி, ஒரு ஆளோட கதையை வெச்சு எல்லாருக்கும் தீர்ப்பு சொல்லக் கூடாது. பெரிய வண்டிக்கு ஆதரவா நம்ம பசங்க சொல்ற ஒவ்வொண்ணையும் எடுத்துப் பார்ப்போம்.

"சின்ன வண்டி ஹைவேல தாங்காது"

தாங்கணும்னா எவ்வளவு வேகத்துல? 2018-ல மத்திய அரசு வேக வரம்பை ஏத்தி ஒரு அறிவிப்பு விட்டாங்க. எக்ஸ்பிரஸ்வேல காருக்கு 120 வரைக்கும் போகலாம்னு சொன்ன அதே அறிவிப்புல பைக்குக்கு எவ்வளவு தெரியுமா? 80. அந்த அறிவிப்பையே சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல ரத்து பண்ணிடுச்சு. அதுக்கு முந்தைய 2014 அறிவிப்புலயும் பைக்குக்கு 80தான். ஆக எந்தக் கணக்குல பார்த்தாலும், உங்க வண்டி 100 சிசியா இருந்தாலும் 1,250 சிசியா இருந்தாலும் சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். 160-ல போகக்கூடிய வண்டியை வாங்கி 80-ல ஓட்டணும். இல்லைன்னா சட்டத்தை மீறணும். மூணாவது வழி கிடையாது.

வேகமா போக முடியும்ங்கறதுக்காக ரோடும் உங்களை வரவேற்காது. பெங்களூர்-மைசூர் புது ஹைவேல 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து பைக், ஆட்டோ, டிராக்டர் எதுவும் மெயின் ரோட்ல வரக் கூடாதுன்னு தடை போட்டாங்க. சர்வீஸ் ரோட்லதான் போகணும். அந்தத் தடைக்கு இருபது லட்சம் ரூபாய் பைக்கும் ஒண்ணுதான், பால்காரர் மொபெட்டும் ஒண்ணுதான். நான் அந்தத் தடையை ஆதரிக்கலை. ஆனா ரோடு போடறவங்க கண்ணுக்கு ரெண்டு சக்கரம்னா ரெண்டு சக்கரம்தான், அதுக்குள்ள சாதி கிடையாதுங்கறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

இன்னொரு கணக்கு. ஓசூர்ல இருந்து கன்னியாகுமரி சுமாரா 640 கிலோமீட்டர். நம்ம ஊர் வழியா போற என்எச் 44-ஐயே பிடிச்சுட்டுப் போனா நேரா அங்கதான் போய் முடியும் (இந்தப் பக்கம் போனா ஸ்ரீநகர்). சின்ன வண்டில சராசரியா மணிக்கு 50 கிடைக்கும்னு வெச்சா பன்னிரண்டே முக்கால் மணி நேரம். பெரிய வண்டில தாராளமா 65-னு வெச்சா பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. வித்தியாசம் மூணு மணி நேரம். ஒரே ஒரு நாள் கூடுதல் லீவு கிடைச்சா உங்களுக்குக் கிடைக்கறது இருபத்தி நாலு மணி நேரம். எது பெருசு?

"பவர் இருந்தாதான் பாதுகாப்பு"

இதுல பாதி உண்மை இருக்கு, ஒத்துக்கறேன். கண்டெய்னர் லாரி ரெண்டு பக்கமும் போகும்போது சட்டுன்னு தாண்டிப் போற சக்தி இருக்கிறது நல்லதுதான். நூறு சிசி வண்டில ரெண்டு பேர் உட்கார்ந்து ஏத்தத்துல ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணிப் பார்த்தவங்களுக்கு அந்தப் பயம் தெரியும்.

ஆனா நம்ம ரோட்ல ஆளைக் கொல்றது பவர் இல்லாததா, இல்லை பிரேக் பிடிக்காததா? தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவுல தொப்பூர் கணவாய் இருக்கே, அந்த இறக்கத்தை ஒரு தடவை இறங்கிப் பாருங்க. அங்க அத்தனை விபத்து நடக்கறது வண்டி ஏற முடியாததால இல்லை, இறங்கும்போது நிக்காததால. நமக்கு வேண்டியது நல்ல பிரேக், நல்ல டயர், தலைக்கு சரியா பொருந்தற ஹெல்மெட். 125 சிசிக்கு மேல இருக்கிற புது வண்டிக்கு ஏபிஎஸ் கட்டாயம்னு 2019 ஏப்ரல்லயே சட்டம் வந்தாச்சு. அதாவது ஒரு சாதாரண 150, 160 சிசி வண்டிலயே அது இருக்கு. பாதுகாப்புதான் காரணம்னா அங்கேயே நின்னுடலாமே? ஏன் 450-க்கும் 650-க்கும் போறீங்க? காரணம் பாதுகாப்பு இல்லைன்னு நமக்கே தெரியும் :)

"கனமான வண்டிதான் ஸ்டெடியா போகும்"

நேர் ரோட்ல போகும். காத்து அடிச்சா ஆடாது. வாஸ்தவம். ஆனா நாம லாங் ரைடுன்னு கனவு காண்றது நேர் ரோட்டையா?

நம்ம பக்கத்துலயே நல்ல ரைடு எதுன்னு கேட்டா நான் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியா ஒகேனக்கல் போறதைத்தான் சொல்வேன். ஓசூர்ல இருந்து நூறு கிலோமீட்டருக்குள்ளதான். காடு, மலை, வளைவுக்கு மேல வளைவு, யானை தாண்டற இடம். அங்கே ஒரு வளைவுல மழைத்தண்ணி அடிச்சுட்டு வந்த மண்ணுல வண்டி சாய்ஞ்சா என்ன பண்ணுவீங்க? எக்ஸ்எல்லுன்னா தொண்ணூறு கிலோகூட இருக்காது, ஒரு கைல தூக்கி நிறுத்தலாம். ஹிமாலயன் 450 எடை 196 கிலோ. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ. அதுமேல பெட்டி, துணி, டென்ட். தனியா போனவன் ரோட்டோரம் உட்கார்ந்து அடுத்த ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அந்த ரோட்ல அடுத்து வர்றது ஆளாத்தான் இருக்கும்னு உத்தரவாதம் கிடையாது!

2004-ல வந்த "லாங் வே ரவுண்ட்" தொடர் பார்த்திருப்பீங்க. நடிகர் இவான் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் லண்டன்ல இருந்து நியூயார்க் வரைக்கும் பைக்ல போன கதை. உலகம் பூரா இந்தப் பெட்டி வெச்ச பெரிய வண்டிக் காய்ச்சலைப் பரப்பினதுல அந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு. மூணு பேருக்கும் பிஎம்டபிள்யூ ஆர் 1150 ஜிஎஸ். மங்கோலியால என்ன ஆச்சு? கூட வந்த கேமராமேன் வண்டியோட பிரேம் உடைஞ்சது. அதை லாரில ஏத்தி அனுப்பிட்டு, அங்கே உள்ளூர்ல கிடைச்ச ஒரு சிவப்பு கலர் ரஷ்ய 'இஷ்' வண்டியை வாங்கி ஓட்டினார் மனுஷன். அந்த ஊர் மக்கள் ஆடு மேய்க்கப் போற மாதிரி வண்டி. சேறும் மணலுமா இருந்த இடத்துல அதுவும் கூடவே போச்சு. தொடரைப் பார்த்த எல்லாரும் பிஎம்டபிள்யூ மேல ஆசைப்பட்டாங்க. அந்த சிவப்பு வண்டியை யாரும் கண்டுக்கலை. எனக்கு என்னமோ தொடரோட உண்மையான ஹீரோ அதுதான்.

ரிப்பேர் விஷயமும் இதேதான். ஸ்ப்ளெண்டருக்கு கிளட்ச் கேபிள் அறுந்தா அஞ்செட்டில கிடைக்கும், நாட்றாம்பாளையத்துல கிடைக்கும், பெட்டிக்கடைல கேட்டாகூட ஆள் கூட்டிட்டு வருவாங்க. பெரிய வண்டிக்கு ஒரு சென்சார் போனா பெங்களூர்தான், அதுவும் டவ் வண்டில. தூரம் போறதுக்கான வண்டின்னா, தூரத்துல போய் நின்னா சரி பண்ற மாதிரி இருக்கிறதுதானே?

"காசு என்ன காசு, சம்பாதிக்கறதே இதுக்குத்தானே"

இங்கதான் நான் பி.காம் படிச்சதுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டான்னு பார்க்கணும். பேப்பர், பேனா எடுத்துக்குங்க.

வண்டி விலை நாலு லட்சம்னு வெச்சுக்குவோம். ஒரு லட்சம் கைல இருந்து, மூணு லட்சம் கடன். வட்டி 11 சதவீதம், 36 மாசம். இஎம்ஐ மாசம் சுமார் 9,820 ரூபாய் வரும். மூணு வருஷத்துல வட்டி மட்டும் 53,600 ரூபாய் பக்கம்.

அடுத்தது தேய்மானம். இன்சூரன்ஸ்காரங்க வண்டியோட மதிப்பைப் போடறதுக்கு ஒரு அட்டவணை வெச்சிருக்காங்க. நாலு வருஷம் தாண்டி அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கிற வண்டிக்கு 50 சதவீதம் கழிச்சுடுவாங்க. அதாவது ரெண்டு லட்சம் காலி. சந்தைல அதைவிட கொஞ்சம் கூட விக்கலாம், இல்லைன்னு சொல்லலை.

அப்புறம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ். புது பைக்குக்கு அஞ்சு வருஷத்துக்கு சேர்த்தே கட்டணும். 2022 ஜூன்ல வந்த கட்டணப்படி 75-ல இருந்து 150 சிசி வரைக்கும் 3,851 ரூபாய். 350 சிசிக்கு மேல போனா 15,117 ரூபாய். வித்தியாசத்தைக் கவனிங்க, ஏறக்குறைய நாலு மடங்கு.

கூட்டுங்க. ரெண்டு லட்சம், 53,600, 15,117. மொத்தம் 2,68,717 ரூபாய், அஞ்சு வருஷத்துக்கு. ரோடு டாக்ஸ், முழு இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ், ஜாக்கெட், பெட்டி எதையும் நான் சேர்க்கலை. வித்தா கொஞ்சம் கூட கிடைக்கும்னு சொன்னேனே, அதை இந்த சேர்க்காத செலவோட நேர் பண்ணிக்குங்க.

இப்ப வருஷத்துக்கு எத்தனை லாங் ரைடு போவீங்க? மனசைத் தொட்டு சொல்லுங்க. ரெண்டு? சரி, அஞ்சு வருஷத்துல பத்து. ஒரு ரைடுக்கு 26,870 ரூபாய் ஆகுது, பெட்ரோல் ஒரு சொட்டு போடறதுக்கு முன்னாடியே! அண்ணன் மாதிரி ரெண்டு வருஷத்துல ரெண்டு தடவை ஏற்காடுன்னா கணக்கு போடவே எனக்குப் பயமா இருக்கு.

பெட்ரோலும் பாருங்க. லிட்டர் நூறு ரூபாய்னு வெச்சு, 1,500 கிலோமீட்டர் டிரிப்புக்கு, லிட்டருக்கு 30 தர்ற வண்டிக்கு 5,000 ரூபாய், 60 தர்ற வண்டிக்கு 2,500. மிச்சமாகற 2,500-ல ரெண்டு ராத்திரி லாட்ஜ்ல தங்கலாம்.

வீட்ல ஏற்கனவே நிக்கற அப்பாவோட 110 சிசி வண்டிக்கு என்ன செலவு? அதுக்குக் கொடுத்த காசு எப்பவோ கொடுத்தாச்சு. காஸ்ட் அக்கவுண்டிங் சார் பாஷைல சொன்னா அது சன்க் காஸ்ட், இனிமே எடுக்கற முடிவுல அது வரவே கூடாது. அதுல தூரம் போறதுக்கு ஆகற கூடுதல் செலவு பெட்ரோலும் ஆயிலும்தான். இதை எல்லாரும் செமஸ்டர்ல எழுதி பாஸ் பண்ணிட்டு, ஷோரூம் வாசல்ல போய் மறந்துடறோம்.

நடுவுல ஜிஎஸ்டி வேற. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் இருக்கிற வண்டிக்கு வரி 28-ல இருந்து 18 ஆகக் குறைஞ்சது. அதுக்கு மேல போனா, செஸ் சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆயிடுச்சு. பான் மசாலாவுக்கும் கோலாவுக்கும் இருக்கிற அதே வரிசைல கொண்டு போய் பெரிய பைக்கை வெச்சிருக்காங்க. இது அநியாயம்னு ரைடர்கள் கத்தினாங்க. எனக்கும் அது சரியான வரின்னு தோணலை. 349 சிசி அவசியம், 351 சிசி ஆடம்பரம்னு எந்த எஞ்சினியர் சொன்னார்? ஆனா வரி குறைஞ்சாலும் என் கட்சி மாறாது. நாளைக்கே அதை 18 ஆக்கினாலும் அண்ணனுக்கு ஞாயித்துக்கிழமை திரும்பக் கிடைச்சுடாது.

இப்ப லீவு கணக்கு

1948 தொழிற்சாலைச் சட்டம் என்ன சொல்லுச்சு? வருஷத்துல 240 நாள் வேலை பார்த்தவங்களுக்கு, 20 நாளுக்கு ஒரு நாள்னு சம்பளத்தோட லீவு. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு 240-ஐ 180 ஆக்கிச்சு. ஆனா 20-க்கு ஒண்ணுங்கற கணக்கு அப்படியேதான். வருஷத்துக்கு 300 நாள் உழைச்சா 15 நாள்.

அந்தப் பதினைஞ்சுல தங்கச்சி கல்யாணம் வரும், ஊர்த் திருவிழா வரும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது வரும், ஒரு காய்ச்சல் வரும். கடைசில மிஞ்சறது மூணு நாளோ நாலு நாளோ. அதையும் சூப்பர்வைசர் "இந்த மாசம் டார்கெட் இருக்குப்பா"ன்னு சொல்லாம இருக்கணும். இது சட்டத்துல இருக்கிற லீவு. காண்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கு லீவுன்னாலே சம்பளப் பிடித்தம்னுதான் பல இடத்துல அர்த்தம்.

வெள்ளைக்காரங்க மாதிரி நாமும் ஊர் சுத்தணும்னு ஆசைப்படறோம், நல்ல ஆசை. ஆனா அவங்களைப் பார்த்து நாம காப்பியடிச்சது வண்டியை மட்டும்தான். அவங்க வருஷத்துக்கு நாலு வாரம் சம்பளத்தோட லீவு எடுக்கறாங்களே, அதைக் காப்பியடிக்க மறந்துட்டோம். வண்டியைக் கடைல விக்கறாங்க. லீவை எந்தக் கடையும் விக்கறதில்லை, அதுக்கு எவனும் விளம்பரமும் போடறதில்லை. அதான் விஷயம்.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு தனி வேடிக்கை இருக்கு. டிவிஎஸ் 50 வந்தது 1980-ல, இந்த ஓசூர்ல இருந்துதான். ரெண்டு பேர் உட்கார்ந்து போற அந்த மொபெட் நாட்டுல எத்தனையோ குடும்பத்துக்கு முதல் வண்டி. 1984-ல இங்கிருந்தே இண்ட்-சுசுகி வந்தது, 100 சிசி. எங்க அப்பா ஸ்கூல் பையனா இருந்தப்போ அதுதான் பறக்கற வண்டி, அதைப் பார்க்க தெருவே கூடுமாம். அதே ஊர் 2013-ல பிஎம்டபிள்யூகூட கை கோர்த்து, ஜி 310 வண்டிகளைச் செஞ்சு பல நாட்டுக்கு அனுப்புச்சு. 2020-ல இங்கிலாந்தோட நார்ட்டன் கம்பெனியையே டிவிஎஸ் வாங்கிடுச்சு. எனக்கு இதுலயெல்லாம் ஏகப்பட்ட பெருமை.

ஆனா யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் நைட் ஷிப்ட்ல போல்ட் முடுக்கின வண்டி எங்கேயோ ஐரோப்பால ஒரு மலை மேல போய் நிக்குது. முடுக்கினவர் அஞ்செட்டி தாண்டிப் போய் எத்தனை வருஷம் ஆச்சோ! அவருக்கு வண்டி செய்யத் தெரியும், ஓட்டத் தெரியும். நாள்தான் இல்லை.

அப்ப பெரிய வண்டியே வேண்டாமா?

அப்படிச் சொல்லலை. வருஷத்துக்கு பத்தாயிரம் கிலோமீட்டர் ஹைவேல போறவங்க, கூட ஒரு ஆளும் சுமையும் எப்பவும் இருக்கிறவங்க, கடன் இல்லாம வாங்க முடியறவங்க, ஆறடி உயரம் இருந்து சின்ன வண்டில முட்டி இடிக்கறவங்க தாராளமா வாங்குங்க. சின்ன வண்டில தூரம் போய்ப் போய், இது பத்தலைன்னு உடம்பால தெரிஞ்சுக்கிட்டவங்களும் வாங்குங்க. அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரியும். வண்டி அழகா இருக்கு, அதனால வாங்கறேன்னு சொல்றவங்ககிட்டயும் எனக்கு சண்டை இல்லை, அது நேர்மையான காரணம்.

என் சண்டை "பெரிய வண்டி வந்தாதான் கிளம்ப முடியும்"னு சொல்லி உட்கார்ந்திருக்கிறவங்ககூட. ஏன்னா அது காரணம் இல்லை, சாக்கு. இன்னைக்கு இருக்கிற வண்டில ஒகேனக்கல் வரைக்கும்கூட போகாதவன், நாளைக்கு நாலு லட்சத்துக்கு வண்டி வாங்கினா லடாக் போவான்னு எப்படி நம்பறது? சூளகிரிக்கு இட்லி சாப்பிடத்தான் போவான், பெட்டிக்குள்ள துண்டை வெச்சுக்கிட்டு.

கடைசி வருஷம் படிக்கற பசங்க நாம. ஒண்ணு கவனிச்சீங்களா? நம்ம கைல இன்னும் கொஞ்ச நாளைக்கு லீவு இருக்கு. செமஸ்டர் முடிஞ்சா ஒரு மாசம் சும்மாதான் இருக்கோம். வண்டி இல்லாத இப்பதான் நேரம் இருக்கு. வண்டி வர்றப்போ நேரம் போயிடும். அண்ணனுக்கு நடந்தது அதுதான்.

அதனால நான் முடிவு பண்ணிட்டேன். பரீட்சை முடிஞ்ச மறு வாரம் அப்பாவோட 110-ஐ சர்வீஸ் விட்டு, பின் டயரை மாத்தி, ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கிட்டு கன்னியாகுமரி கிளம்பறேன். மணிக்கு ஐம்பது, அறுபது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு டீ. ரெண்டு நாள் போறதுக்கு, ரெண்டு நாள் வர்றதுக்கு. இருசக்கர வண்டிக்கு கிருஷ்ணகிரி டோல்கேட்ல காசும் கிடையாது :)

அண்ணனையும் கூப்பிட்டேன். என் பின்னாடி உட்கார்ந்து வர்றேன்னு சொல்லியிருக்கார், லீவு கிடைச்சா.